பெண்குலத்தின் ஒளி: நூர் இனாயத் கான்

வீரம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? குதிரைமேல் வாளேந்தி வரும் ஜான்சி ராணி, போர்க்கோலம் பூண்ட வேலு நாச்சியார், கொடி பிடித்துப் படை நடத்திய ஜோன் ஆஃப் ஆர்க். ஆனால் வாளும் இன்றி, குதிரையும் இன்றி, கையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பகைவர் நிறைந்த நகரத்தில் தன்னந்தனியே நடந்த வீராங்கனை ஒருவரும் உண்டு. அவருடைய படைக்கலம் துப்பாக்கி அன்று. கம்பியில்லாத் தந்திக் கருவி. அவர்தாம் நூர் உன் நிஸா இனாயத் கான். அவருடைய வாழ்க்கையையும், அவர் பணியாற்றிய மறைமுகப் படை எவ்வாறு அமைந்திருந்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

நூர் 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார். நூர் உன் நிஸா என்பதற்குப் பெண்குலத்தின் ஒளி என்பது பொருள். தந்தை இனாயத் கான் பரோடாவில் பிறந்தவர், சிறந்த இசைவாணர், சூஃபி ஞானி. நம் நாட்டு இசையையும் ஞானத்தையும் மேலை நாட்டாருக்கு எடுத்துச் சொல்ல 1910இல் கப்பலேறியவர். தாய் ஓரா ரே பேக்கர் அமெரிக்கப் பெண்மணி.

இனாயத் கானின் தாய்வழிப் பாட்டியார் மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் பேத்தி என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்களும் உறவினரும் நம் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டனர். 1806இல் அங்கே சிப்பாய்ப் புரட்சி வெடித்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர். ஆகவே, வேலூர்க் கோட்டையையும் அதன் அகழியையும் கண்டு வந்த நமக்கு நூர் முற்றிலும் அந்நியர் அல்லர்.

முதல் உலகப்போர் மூண்ட 1914இல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1920இல் பிரான்சுக்குச் சென்றது. பாரிஸ் நகரை அடுத்த சுரேன் என்ற ஊரில் அவர்களது இல்லம் அமைந்தது. 1927இல் இந்தியாவுக்கு வந்திருந்த தந்தை டில்லியில் காலமானார். துயரம் தாங்காத தாய் உலகை மறந்து ஓர் அறைக்குள் ஒடுங்கினார். தம்பியர் இருவர், தங்கை ஒருத்தி. மூத்தவர் நூருக்கு அப்போது வயது 13! வீட்டுப் பொறுப்பு அந்தச் சிறு தோள்களில் இறங்கியது. குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்த நம் மாணவியர் பலருக்கு அந்தப் பாரம் எத்தகையது என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் நூர் கல்வியைக் கைவிடவில்லை. சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். இசைப் பள்ளியில் சேர்ந்து யாழ் போன்ற ஹார்ப் கருவியை மீட்டக் கற்றார். குழந்தைகளுக்கான கதைகளை எழுதினார். அவை பத்திரிகைகளிலும் பாரிஸ் வானொலியிலும் வெளிவந்தன. புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் ஜாதகக் கதைகளில் 20 கதைகளைத் தேர்ந்து அவர் எழுதிய நூல் 1939இல் லண்டனில் வெளியாயிற்று. அக்கதைகளுள் ஒன்று, தன் கூட்டம் தப்பிச் செல்லத் தன் உடலையே பாலமாக்கிக்கொண்ட குரங்கரசனைப் பற்றியது. எல்லாக் குரங்குகளும் அக்கரை சேர்ந்தன. பாலமாய்க் கிடந்த அரசனோ முதுகொடிந்து மாண்டது. இதை எழுதிய மென்மையான கைகளே சில ஆண்டுகளில் அத்தகைய பாலமாக அமையப்போகின்றன என்று அன்று எவர் எண்ணியிருக்க முடியும்?

போர் மூண்டது

1940 ஜூன் மாதம் ஹிட்லரின் படைகள் பாரிஸை நெருங்கின. நூரின் குடும்பம் உடைமைகளை விட்டுவிட்டு, அகதிகளோடு அகதிகளாகக் கடல் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. தந்தையிடம் கற்றது அகிம்சை. கண்முன் நடப்பதோ கொடுமை. உயிர்களைக் கொல்லவும் கூடாது. கொடுமையைக் கண்டு வாளாவிருக்கவும் கூடாது. என் செய்வது? நூரும் தம்பி விலாயத்தும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். பிறரைக் கொல்லும் பணியை நாடுவதில்லை. ஆனால் தம் உயிருக்கு ஆபத்து மிகுந்த பணியையே ஏற்பது என்பதுதான் அம்முடிவு. தம்பி பின்னர்க் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் சேர்ந்தார். நூர் 1940 நவம்பரில் மகளிர் துணை விமானப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்திப் பயிற்சி பெற்றார்.

நூர் உண்மையை மறைக்கத் தெரியாதவர். 1942இல் அதிகாரி பதவிக்கான நேர்முகத் தேர்வில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, போர் முடியும்வரை இங்கிலாந்துக்குத் துணை நிற்பேன், அதன்பின் என் நாட்டின் விடுதலையையே ஆதரிப்பேன் என்ற கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இத்தகையவரை எந்தப் பணிக்கு அழைத்தார்கள் தெரியுமா? பொய்ப் பெயரும் பொய்க் கதையும் பூண்டு வாழ வேண்டிய பணிக்கு!

மறைமுகப் படையின் அமைப்பு

1940 ஜூலையில் பிரதமர் சர்ச்சிலின் அரசு ஒரு புதுவகை அமைப்பைத் தோற்றுவித்தது. ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்பது அதன் பெயர், சுருக்கமாக எஸ்.ஓ.இ. என்பர். லண்டன் பேக்கர் தெருவில் அதன் தலைமையகம் இருந்தது. சாதாரணப் படை எல்லையில் நின்று எதிரியோடு பொருதும். இப்படையோ எதிரி பிடித்துவைத்துள்ள நாட்டின் உள்ளேயே புகுந்து, அந்நாட்டு மக்களோடு கலந்து, அவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் தந்து, இரயில் பாதை, பாலம், மின்நிலையம் ஆகியவற்றைத் தகர்க்கும். போர் உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 13,000 பேர் இதில் பணியாற்றினர். அவர்களுள் சுமார் 3,200 பேர் பெண்கள்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. பிரான்சுக்குரிய பிரிவுகளுள் ஒன்று எஃப் பிரிவு. அதன் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர். இப்பிரிவு பிரான்சு முழுவதும் சிறுசிறு குழுக்களை அமைத்தது. ஒவ்வொரு குழுவிலும் மூவர் முதன்மையானவர். ஒருவர் அமைப்பாளர், உள்ளூரில் நம்பத் தகுந்தவரைத் தேடிப் பிடித்துப் படையாகத் திரட்டுபவர். இரண்டாமவர் தூதர், செய்தியையும் பணத்தையும் ஊருக்கு ஊர் கொண்டு செல்பவர். மூன்றாமவர் தந்தி இயக்குநர், லண்டனோடு பேசுபவர். இளைஞர்களை ஜெர்மானியர் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சாலையில் செல்லும் ஆண்மகன் எவனையும் நிறுத்தி விசாரிப்பார்கள். சைக்கிளில் கூடை மாட்டிச் செல்லும் பெண்ணை அவ்வளவாக ஐயுறுவதில்லை. ஆகவே பெண்களும் இப்பணிக்குத் தேவைப்பட்டனர். எஃப் பிரிவு பிரான்சுக்கு அனுப்பிய 400க்கும் மேற்பட்டோருள் 39 பேர் பெண்கள்.

மூவரில் மிகுந்த ஆபத்து யாருக்கு? தந்தி இயக்குநருக்கே. அவர் சுமக்கும் பெட்டியின் எடை சுமார் 15 கிலோ. அதைத் திறந்தால் பொய் சொல்லித் தப்ப வழியில்லை. செய்தி அனுப்ப நீண்ட ஏரியல் கம்பியை மரத்திலோ கூரையிலோ கட்ட வேண்டும். அவர் விசையைத் தட்டத் தொடங்கியதும், அலை எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் கருவி பொருத்திய ஜெர்மானிய வண்டிகள் தெருத்தெருவாக நெருங்கி வரும். 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து. 1943இல் பிரான்சில் ஒரு தந்தி இயக்குநர் பிடிபடாமல் இருக்கக்கூடிய காலம் சராசரி ஆறு வாரம் என்று கணக்கிட்டிருந்தனர். ஆனால் அவர் இல்லையேல் விமானம் எந்த வயலில் ஆயுதம் போடுவது, எந்த இரவில் ஆள் இறக்குவது என்று ஒன்றும் தெரியாது. அமைப்பாளர் படையின் மூளை என்றால், தந்தி இயக்குநரே அதன் நாவும் செவியும் ஆவார்.

பயிற்சி

பிரெஞ்சு மொழியைத் தாய்மொழி போல் பேசக்கூடிய, தந்தியும் கற்ற நூர் இப்பிரிவின் கண்ணில் பட்டார். பிடிபட்டால் இராணுவச் சீருடை தரும் பாதுகாப்பு இராது, சித்திரவதையும் சாவும் நேரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டனர். நூர் தயங்காமல் இசைந்தார். 1943 பிப்ரவரியில் பயிற்சி தொடங்கியது.

பயிற்சியாளர் சிலர் அவரைப் பற்றி நல்ல அறிக்கை தரவில்லை. கை கால் நிதானம் இல்லாதவர், ஆயுதத்தைக் கண்டு அஞ்சுபவர், உணர்ச்சிவசப்படுபவர், இப்பணிக்கு ஏற்றவர் அல்லர் என்றெல்லாம் எழுதினர். பொய்யான கெஸ்டாப்போ விசாரணை ஒன்றை நடத்தியபோது நூர் நடுநடுங்கிப் போனார். எனினும் தந்தி இயக்குநர்களுக்குப் பெரும் பஞ்சம். பயிற்சி முற்றுப்பெறும் முன்னரே அவரை அனுப்ப பக்மாஸ்டர் முடிவு செய்தார்.

பாரிஸில் தனிமரமாக

1943 ஜூன் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து, நிலவொளியில், லைசாண்டர் என்னும் சிறு விமானம் பிரான்சின் ஆன்ஷே நகருக்கு அருகில் ஒரு வயலில் இறங்கியது. அதிலிருந்து இறங்கிய நூரின் பெயர் இப்போது ழான் மாரி ரெனியே. தொழில் குழந்தைகளைப் பேணும் தாதி. தந்தியில் அவர் பெயர் மதலேன். எதிரி வசமிருந்த பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தி இயக்குநர் அவரே.

பாரிஸில் பிராஸ்பர் என்னும் மிகப் பெரிய வலையமைப்பின் கிளையொன்றில் அவர் சேர்ந்தார். சேர்ந்து பத்து நாள் ஆகுமுன்னரே இடி விழுந்தது. அமைப்பாளர் பிரான்சிஸ் சட்டில், தந்தி இயக்குநர் கில்பர்ட் நார்மன், தூதர் ஆந்த்ரே போரல் ஆகிய மூவரும் கெஸ்டாப்போவிடம் சிக்கினர். அடுத்தடுத்து நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். பாரிஸ் நகரில் அப்பிரிவின் குரலாக எஞ்சி நின்றவர் நூர் ஒருவரே!

திரும்பி வந்துவிடுமாறு லண்டன் கூறியது. நூர் மறுத்துவிட்டார். தாம் வந்துவிட்டால் எஞ்சியுள்ளோர்க்கு லண்டனோடு தொடர்பே அற்றுப்போகும். தமக்கு மாற்றாக ஒருவர் வரும்வரை இருப்பேன் என்று தெரிவித்தார். நடிப்புக்கு நடுங்கிய அதே பெண்தான் உண்மையான ஆபத்தில் உறுதியாக நின்றார். அந்தப் பயிற்சியாளர்கள் அளந்தது அவருடைய நரம்புகளை; அவருடைய கடமையுணர்ச்சியை அளக்க அவர்களிடம் அளவுகோல் இல்லை.

ஏறத்தாழ மூன்றரை மாதம். ஆறு வாரக் கணக்கைப்போல் இரு மடங்குக்கு மேல். இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு எனப் பெட்டியோடு மாறிக்கொண்டே இருந்தார். ஒருமுறை இரயிலில் பெட்டியைப் பற்றி விசாரித்த ஜெர்மானியரிடம், அது சினிமாக் கருவி என்று சொல்லிச் சமாளித்ததாக அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். பொய் சொல்லத் தெரியாத நூர், பிறர் உயிர் காக்க அதையும் கற்றுக்கொண்டார்.

கைதும் கசப்பான உண்மையும்

லண்டனுக்குத் திரும்ப ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த 1943 அக்டோபர் நடுவில், யாரோ ஒருவர் பணத்துக்காகக் காட்டிக்கொடுக்க, நூர் தம் அறையிலேயே பிடிபட்டார். கட்டியடக்க வந்தவனைக் கடித்துக் குதறிப் போராடினார். போஷ் சாலையில் இருந்த ஜெர்மானியப் பாதுகாப்புப் பிரிவின் தலைமையகத்துக்குக் கொண்டுபோன உடனேயே குளியலறைச் சன்னல் வழியே தப்ப முயன்றார். நவம்பர் 25ஆம் நாள் இரவு, வேறு இரு கைதிகளோடு கூரை வழியாக வெளியேறினார். அந்நேரம் பார்த்து விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்க, கைதிகளை எண்ணிப் பார்த்த காவலர் விழித்துக்கொண்டனர். மூவரும் மீண்டும் பிடிபட்டனர். இனித் தப்ப முயல்வதில்லை என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். நூர் மறுத்துவிட்டார். விசாரணையில் அவரிடமிருந்து தோழர்களைப் பற்றி ஒன்றும் பெற முடியவில்லை என்பதைப் போருக்குப்பின் ஜெர்மானிய அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர்.

எனினும் ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. தாம் அனுப்பிய, பெற்ற செய்திகளை எல்லாம் நூர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அரைகுறைப் பயிற்சியில் தரப்பட்ட கட்டளையொன்றை அவர் தவறாகப் புரிந்துகொண்டதே இதற்குக் காரணம் என்பர். அந்த நோட்டும் கருவியும் பகைவர் கையில் சிக்கின. அவற்றைக் கொண்டு ஜெர்மானியர், நூரே பேசுவதுபோல் லண்டனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினர்.

இத்தகைய ஏமாற்றைக் கண்டுபிடிக்க லண்டன் ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு செய்தியிலும் இரகசிய அடையாளம் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லையேல் அனுப்பியவர் பகைவர் பிடியில் இருக்கிறார் என்று பொருள். கில்பர்ட் நார்மன் கைதான பின் அவர் பெயரால் அடையாளம் இன்றியே செய்தி வந்தது. லண்டன் என்ன செய்தது? அடையாளத்தை மறந்துவிட்டாயே என்று கண்டித்துப் பதில் அனுப்பியது! நூருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதாக 1943 அக்டோபரிலேயே ஒரு தகவல் லண்டனுக்கு வந்தது. அதுவும் பொருட்படுத்தப்படவில்லை. விளைவு, 1944 பிப்ரவரி இறுதியில் பாரசூட்டில் இறங்கிய பிரான்ஸ் ஆன்தெல்ம், லயனல் லீ, மதலேன் தமர்மான் ஆகியோரை வரவேற்கக் காத்திருந்தவர்கள் கெஸ்டாப்போவினரே. ஒரு பெண் நோட்டில் எழுதி வைத்தது தவறுதான். ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேளாதிருந்ததே பெருந்தவறு என்று நாம் கருதுகிறோம். தந்திக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் உயிரைப் பணயம் வைத்துப் பேசுபவர் இருந்தால், மறுமுனையில் உள்ளம் வைத்துக் கேட்பவர் இருக்க வேண்டும் அல்லவா?

சிறையும் முடிவும்

தப்ப முயன்ற குற்றத்துக்காக நூர் ஜெர்மனியின் போர்ட்ஸைம் சிறைக்கு அனுப்பப்பட்டார். தனியறை, கைகளுக்கும் கால்களுக்கும் விலங்கு. ஏறத்தாழ பத்து மாதம் இவ்வாறே கழிந்தது. ஆனால் தந்தி இயக்குநரின் நாவை அடக்க முடிந்ததா? உணவுக் கிண்ணத்தின் அடிப்புறத்தில் சிறுசிறு எழுத்துக்களைக் கீறி மற்றக் கைதிகளுக்குச் செய்தி அனுப்பினார். நோரா பேக்கர் என்ற பெயரையும் லண்டன் முகவரியையும் அவ்வாறே தெரிவித்தார். அதைப் படித்த பிரெஞ்சுப் பெண் கைதி ஒருவர் அம்முகவரியை நினைவில் வைத்திருந்து, போருக்குப்பின் கடிதம் எழுதினார். நூரின் கடைசி நாட்களைக் குறித்து உலகம் அறிய அக்கடிதம் உதவிற்று. அவர் அனுப்பிய செய்திகளுள் இந்த ஒன்றேனும் கேட்கும் செவியைச் சென்றடைந்தது!

1944 செப்டம்பரில் நூரும் யோலாந்த் பீக்மன், எலியான் ப்ளூமன், மதலேன் தமர்மான் ஆகிய மூன்று பெண்களும் டாக்கௌ சித்திரவதை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நூரின் பெயரால் வந்த பொய்ச் செய்தியை நம்பி இறங்கிய அதே தமர்மான்தான் இறுதிப் பயணத்தில் அவருக்குத் துணை. செப்டம்பர் 13ஆம் நாள் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூருக்கு அப்போது வயது 30. விடுதலை என்பதே அவர் வாய் கடைசியாக மொழிந்த சொல் என்று கூறப்படுகிறது.

அவர் காத்த பணி வீண்போகவில்லை. 1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, இத்தகைய குழுக்கள் பிரான்சின் இரயில் பாதைகளைத் துண்டித்தன. தெற்கிலிருந்து விரைந்து வர வேண்டிய ஜெர்மானியக் கவசப் படை வழியிலேயே இரண்டு வாரத்துக்கு மேல் தடுமாறியது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. பிரான்சின் வலான்சே நகரில் 1991இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், உயிர் துறந்த எஃப் பிரிவினர் 104 பேரின் பெயர்கள் உள்ளன. அவர்களுள் 13 பேர் பெண்கள்.

புகழ்

பிரான்சு குரூவா த கேர் விருதை வழங்கியது. இங்கிலாந்து 1949இல் ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய வீரப் பதக்கத்தை அவர் மறைவுக்குப்பின் அளித்தது. 2012 நவம்பரில் லண்டன் கார்டன் சதுக்கத்தில் அவரது மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது.

எஸ்.ஓ.இ. 1946 ஜனவரியில் கலைக்கப்பட்டாலும் அது வகுத்த முறை அழியவில்லை. 1944இல் பாரசூட்டில் பிரான்சில் இறங்கிப் போரிட்ட ஆரன் பாங்க் என்ற அமெரிக்க அதிகாரியே, 1952இல் தம் நாட்டு இராணுவத்தின் சிறப்புப் படையின் முதல் பிரிவை அமைத்தார். அப்படையின் 12 பேர் கொண்ட அடிப்படைக் குழுவில் இருவர் தகவல் தொடர்புக்கென்றே உள்ளனர். நம் இந்திய இராணுவத்திலும் 1966இல் பாராசூட் கமாண்டோ பட்டாலியன் உருவாயிற்று. கருவிகள் மாறின, உடல் வலிமைக்கும் ஆயுதப் பயிற்சிக்கும் இப்படைகள் பேர்பெற்றவை. ஆயினும், தனித்து நிற்கும் ஒருவர் தம் இடத்தை விட்டு அகலாதிருப்பதும், அவர் அனுப்பும் சொல்லை மறுமுனையில் இருப்பவர் மதித்துக் கேட்பதுமே இன்றும் இவற்றின் உயிர்நாடி.

அன்புத் தங்கையரே! மென்மையானவள், கதை எழுதுபவள், எளிதில் கண் கலங்குபவள் என்று யாரேனும் உங்களை எடைபோட்டால் மனம் தளர வேண்டாம். நூரையும் அப்படித்தான் எடைபோட்டார்கள். பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! நம் பிள்ளைகளும் நாள்தோறும் நமக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலர் சொல்லால், சிலர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால். அந்த விடுபட்ட அடையாளத்தைக் கண்டவுடன் கண்டிக்க முற்படாமல், என்ன நேர்ந்தது என்று கேட்போமாக! நூரைப்போல் கடமையில் நிலைத்து நிற்கும் பெண்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் குரலுக்குச் செவி சாய்ப்பவர்களாக நாமும் இருப்போம்.